சில்லுடன் நிற்பவள்

இன்னும் வரவில்லை. ஹெலிகொப்டர் கேட்கிறது என்கிறார் பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு இருக்கிற மனிதர், எனக்குக் கேட்கவில்லை, எனக்குக் காற்றுத்தான் கேட்கிறது, மறிக்க ஒரு மரம்கூட இல்லாத இந்த வட பிரான்ஸ் வெளியில் ஒரு காதால் நுழைந்து மற்றக் காதால் போகிற சித்திரை மாதத்துக் காற்று. வலது கையில் சைக்கிளின் முன்சில்லு, இடது கையில் பின்சில்லு. இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கவேண்டும், வருகிறவன் தூரத்திலேயே காணவேண்டும் என்பதுதான் சொல்லித் தந்தது, ஆனால் அவன் வரும்வரை தூக்கி வைத்திருக்கத் தோள் விடாது, ஆகவே நிலத்தில் ஊன்றிக்கொண்டு நிற்கிறேன், தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு நானே ஒரு சைக்கிள் மாதிரித் தெரிவேனோ என்னவோ, நடுவில் ஆளும் இரண்டு பக்கமும் சில்லும். முன்னால் கல்லொழுங்கை. பிரெஞ்சில் இதற்கு வேறு பெயர், பெல்ஜியக்காரரின் பிளெமிஷில் வேறு பெயர், என் வாயில் வருவது ஒழுங்கை என்றுதான். பீற்றூட் வண்டிகளுக்காக எந்தக் காலத்திலோ பதித்த கற்கள், ஒவ்வொன்றும் பேக்கரியில் வாங்குகிற ஒரு றாத்தல் பாண் அளவு, ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்து, இடையிடையே புல். வருடம் முழுவதும் உழவு இயந்திரத்தைத் தவிர வேறொன்றும் போகாத வழி. இன்று ஒரு ஞாயிறு மட்டும் பெரிய சைக்கிள்காரர்கள் எல்லோரும் இதற்குள்ளால் போவார்கள், போகும்போது ரயர் வெடிக்கும், குழுவின் கார் நெரிசலில் பின்னுக்கு மாட்டுப்பட்டிருக்கும், அதனால்தான் ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் ஒவ்வொரு குழுவும் என்னைப்போல ஒருவரைச் சில்லுடன் நிறுத்தி வைக்கிறது. மற்ற நாட்களில் என் வேலை கால் பிடித்துவிடுவது. கால் பிடிப்பது, போத்தல் நிரப்புவது, சோறு காய்ச்சுவது, ஊத்தை உடுப்புத் தோய்ப்பது. இன்று நிற்பது. வா, யோரிஸ். இல்லை, வராதே. வந்தாலும் நிற்காமல் போ. நின்றால் உன் முகத்தை நான் பார்க்கவேண்டி வரும்.

கதிரைக்காரர் என் மேலங்கியின் மஞ்சளைப் பார்த்துவிட்டு, யோரிஸ் உங்கள் குழுதானே மடாம் என்கிறார். ஓம் என்று தமிழில் வாய்க்குள் சொல்லிவிட்டுப் பிறகு பிரெஞ்சில் ஆம் என்கிறேன். அவருடைய மடியில் போன கிழமைச் சஞ்சிகை, அதை நானும் பார்த்திருக்கிறேன், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், கல்லுப்பாதை ஓட்டங்களில் இனி யார் என்று ஐந்து இளையவர்களின் படம், நடுவில் யோரிஸ், மற்ற நாலு பேரையும்விடப் பெரிதாக, இருபத்திரண்டு வயது, பற்களில்கூடப் புழுதி, சிரிப்பு. கீழே நம்பிக்கை என்ற சொல். அந்தச் சொல்லை இந்த உலகத்தில் இலகுவாகக் கொடுத்துவிடுகிறார்கள், கொடுத்தபிறகு அதைச் சுமந்துகொண்டு ஓடுவது அந்தப் பெடியன்தான். சைக்கிளில் மலையேறுகிறவர்கள் குருவிக் கால்காரர்கள், கல்லுக்கு அவர்கள் சரிவரமாட்டார்கள், கல்லுக்கு யோரிஸ் மாதிரி வேண்டும், அகன்ற முதுகு, கனத்த தொடை, ஆனால் கை மட்டும் இளக்கமாக. கல்லோடு சண்டை பிடிக்கக்கூடாது சுகி, என்று ஒருநாள் கால் பிடிக்கிற மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டு சொன்னான், ஹாண்டிலைச் சும்மா தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும், சைக்கிளுக்குப் போகத் தெரியும். சுகிர்தா என்று அவன் வாயில் வராது, சுகி. பிரெஞ்சில் குழுவுக்குள் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் சொல்வார்கள், இருபத்திரண்டு வயதுக்காரன் நாற்பத்தாறு வயதுக்காரியை நீ என்பதில் முதல் மாதம் சுருக்கென்று இருந்தது, பிறகு அது போய்விட்டது. அவன் முகத்தைவிட அவன் கால்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். வலது கெண்டையில் ஒரு முடிச்சு, இடது முழங்காலின் உள்பக்கம் பழைய தழும்பு. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேரின் கால்களைத் தொடுகிறேன். என்னை ஒருவரும் தொட்டுக் கனகாலம் என்பது ஒரு நாள் ஹொட்டேல் அறையில் கை கழுவும்போது திடீரென்று பிடிபட்டது, தண்ணீரைப் பூட்ட மறந்து நின்றேன். அக்கா கனடாவிலிருந்து போன் எடுத்தால் இதைத்தான் கேட்பாள், "இன்னும் உந்தப் பெடியளின்ரை கால்தான் பிடிச்சுக்கொண்டு திரியிறியோ? நேர்சிங் படிச்சிருக்கலாமெல்லே, உன்ரை மனுசனும் விட்டிட்டுப் போயிருக்கமாட்டார்." அவர் போனதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. ஓமக்கா, பார்ப்பம், என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். வைத்தபிறகு அறை இன்னும் அமைதியாகிவிடும், ஆகவே இப்போதெல்லாம் வைக்கப் பஞ்சியாக இருக்கிறது, திட்டினாலும் திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை. வேண்டாம், வியாழக்கிழமைக்குப் போகவேண்டாம். ஆனால் மனம் மாடு மாதிரி, அவிழ்த்துவிட்டால் நேரே அங்கேதான். வியாழக்கிழமை பாதை பார்க்கப் போனார்கள், மழை பெய்து கல்லெல்லாம் சோப்புப் போட்டமாதிரி, எல்லோரும் முன்னுக்குப் போக யோரிஸ் சப்பாத்துச் சரிசெய்யவென்று பிந்தியிருக்கிறான், பிறகு அவர்களைப் பிடிக்க வேகமாக வந்து தனியே விழுந்திருக்கிறான். ஒருவரும் காணவில்லை. தானே எழும்பித் தானே வந்து சேர்ந்தான், முழங்கை உரசல், அவ்வளவுதான் என்று சிரித்தான், டொக்டர் முழங்கைக்கு மருந்து போட்டார். பின்னேரம் என் மேசையில் படுத்திருந்தவன், ஞாயிறு மழையா சுகி என்று கேட்டான். இல்லை, வெயில் என்றேன். கொஞ்ச நேரம் போக, ஞாயிறு மழையா என்றான். பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். மூன்றாம் தரம் கேட்டபோது என் கை அவன் காலிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் எழும்பி இருந்து துவாய்க்குள் சத்தி எடுத்தான். தலை அடிபட்டதா? இல்லை. யோரிஸ், தலை அடிபட்டதா? கொஞ்சம். ஹெல்மெற் எங்கே? வெடித்துவிட்டது, குப்பைக்குள் போட்டுவிட்டுக் குழுவின் வான் வண்டியில் இருந்த வேறொன்றை எடுத்தேன். நான் போனின் வெளிச்சத்தைக் கண்ணுக்குள் பிடித்துப் பார்த்தேன், இரண்டு கருமணியும் ஒழுங்காகச் சுருங்கின, அல்லது ஒழுங்காகச் சுருங்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "சொல்லாதே சுகி. சொன்னால் என்னை ஓட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒன்பது வயதிலிருந்து இந்த ஒரு ஓட்டத்துக்காக. அடுத்த வருடம் நான் இப்படி இருப்பேனோ யாருக்குத் தெரியும்? சொல்லமாட்டாய்தானே." சொல்லமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லுவேன் என்றும் சொல்லவில்லை. துவாயை எடுத்துக்கொண்டு போய்த் தோய்த்தேன். ஒருவர் என் கையைப் பிடித்து எதையாவது கேட்டு எவ்வளவு காலம் என்று தோய்க்கும்போது நினைத்தேன். இது வெட்கமான நினைப்பு. ஆனால் நினைத்தேன்.

ஹெலிகொப்டர். இப்போது எனக்கும் கேட்கிறது, தும்பி அளவில் தெற்கே ஒரு புள்ளி. ஹெலிகொப்டர் என்றால் இத்தனை வருடமாகியும் பதுங்குகுழியைக் கண் தேடும், பிறகுதான் இது படம் பிடிக்கிற ஹெலி என்று உடம்புக்கு விளங்கும். அந்தக் காலத்தில் பெற்றோல் இல்லை, யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது, சின்னண்ணாவும் விறகுக் கட்டைக் கரியரில் கட்டிக்கொண்டு வந்தவன்தான், மதகடியில் ஒரு பள்ளக் கிடங்குக்குள் முன்சில்லு இறங்கித் தலைகுப்புற விழுந்தான். எழும்பினான். விறகைத் திரும்பக் கட்டினான். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான், பார்த்துக்கொண்டு நின்ற ஆட்டுக்குட்டி பயந்து ஓடினதை அபிநயம் பிடித்துக் காட்டினான், புட்டுத் தின்றான். தின்றுவிட்டு அம்மாவிடம், "இண்டைக்கு என்ன கிழமை?" என்றான். செவ்வாய் என்றார் அம்மா. கை கழுவிவிட்டு வந்து, இண்டைக்கு என்ன கிழமை என்றான். எனக்குப் பன்னிரண்டு வயது, "விசரே உனக்கு" என்று நான் சிரித்தேன். தலை இடிக்குது என்று போய்ப் படுத்தான். காலையில் தேத்தண்ணியோடு எழுப்பப் போனது நான். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, அவருக்கும் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிட்டுப் போயிருக்கமாட்டாரோ. இல்லை, போகிறவர் போவார். யோரிஸ் சின்னண்ணா இல்லை. வெள்ளிக்கிழமை யோரிஸ் நன்றாக எழும்பினான், நன்றாகச் சாப்பிட்டான், சனிக்கிழமை கடதாசி விளையாடி வென்றான். மூன்று இரவும் நான் அவன் அறைக் கதவில் காது வைத்துக் குறட்டை கேட்டுவிட்டுத்தான் படுத்தேன், குறட்டை விடுகிறவன் உயிரோடு இருக்கிறான். மூன்று நாள் தாண்டிவிட்டது. தாண்டினால் சரி. சரியா? யார் சொன்னது?

ஆனால் இன்று காலை. மணிக்கட்டுக்கு நான் பட்டி சுற்றிக்கொண்டிருக்க, "நேற்று நீ தந்த சோறும் பருப்பும் நன்றாக இருந்தது" என்றான். சோறும் பருப்பும் நான் கொடுத்தது புதன்கிழமை. நேற்று அவன் தின்றது எல்லோரோடும் பாஸ்தா. நேற்று என்றால் நேற்று என்றுதானா? அன்றைக்கு என்பதை நேற்று என்கிறவர்கள் இல்லையா? அக்கா பத்து வருடத்துக்கு முன் நடந்ததையும் நேற்று மாதிரி என்பாள். அவனுக்குப் பிரெஞ்சு தாய்மொழியும் இல்லை, பிளெமிஷ்காரன், சொல் மாறியிருக்கலாம். நேற்று. நான் பட்டியை வெட்டாமல் கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றேன், அவன் என்ன என்றான், ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்ற இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். சாப்பாட்டு அறையில் பெர்நார் இருந்தார், குழுவைக் கார் ஓட்டிக்கொண்டு நடத்துகிறவர், அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தார், நான் கிட்டப் போய் நின்றேன், என்ன சுகி என்றார் முட்டையைப் பார்த்தபடி, வெயில் கூட, தண்ணீர் மேலதிகமாக வைக்கட்டுமா என்று கேட்டேன். வை என்றார். அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் போனதுபோல திரும்பி வந்தேன். நேற்று. அந்தச் சொல் காலைமுதல் சப்பாத்துக்குள் கல் மாதிரி. நேற்று, புதன், நேற்று. ஒருவேளை புதன்தான் அவனுக்கு நேற்றோ? வியாழனும் வெள்ளியும் சனியும் அவன் தலைக்குள் இல்லையோ?

"உங்கள் பையன் முன்னால் மடாம்," என்று கதிரைக்காரர் எழும்பியே விட்டார், ரேடியோவைக் காதோடு பிடித்திருக்கிறார், "ஆறு பேர், அதில் அவனும் ஒருவன்." எனக்குள் ஏதோ துள்ளுகிறது. இவ்வளவும் நினைத்த அதே நெஞ்சு துள்ளுகிறது, பார், ஒன்றுமில்லை, முன்னால் போகிறான், தலையில் கோளாறு உள்ளவன் இந்தக் கல்லில் முன்னால் போவானா, நீதான் விசரி, செத்தவனை உயிரோடிருக்கிறவன் மேல் போர்த்துகிறாய். ஒழுங்கையின் மறுமுனையில் புழுதி எழும்புகிறது. சனம் கத்துகிறது, மோட்டார் சைக்கிள் ஒன்று, பிறகு இன்னொன்று, நான் இரண்டு சில்லையும் தலைக்கு மேல் தூக்குகிறேன். வருகிறார்கள், முகமில்லாத மண் மனிதர்கள், பற்கள் மட்டும் வெள்ளை, கல்லின் அதிர்வு என் காலுக்குக் கீழே நிலத்தில் வருகிறது, ஒன்று, இரண்டு, நீலம், சிவப்பு, வெள்ளை, ஐந்து பேர். மஞ்சள் இல்லை. போய்விட்டார்கள். காற்றில் வியர்வையும் மண்ணும். ஐந்து. நான் புழுதிக்குள் பார்க்கிறேன். அதற்குள்ளிருந்து மஞ்சள் ஒன்று, ஒரு கையைத் தூக்கியபடி, முன்சில்லு காற்றுப்போய்க் கல்லில் கடகடவென்று இரும்புச் சத்தம் போட, என்னைக் கண்டு நேரே என்னிடம் வருகிறது.

நிற்கிறான். ஒரு கால் நிலத்தில். நான் முழங்காலில் விழுந்து, இடுப்பில் தொங்குகிற பற்றரி மெஷினால் அச்சைக் கழற்றுகிறேன், கை தானாகச் செய்கிறது, பழைய சில்லு வெளியே வந்துவிட்டது. எத்தனை பேர் முன்னால் என்கிறான் மேலேயிருந்து. பிளெமிஷில் கேட்கிறான். என்னோடு அவன் ஒருநாளும் பிளெமிஷில் பேசியதில்லை, எனக்கு அதில் எண்ணும் வணக்கமும் ஓட்டத்தில் அடிபடுகிற சில சொற்களும்தான் தெரியும். ஐந்து, என்கிறேன், நீயும் அவர்களோடுதானே வந்தாய். புதுச் சில்லைச் சைக்கிளின் கவட்டுக்குள் வைக்கிறேன். "எத்தனை பேர் முன்னால்?" அதே குரல், அதே இழுவை, முதல் தரம் கேட்கிறவனைப்போல. நான் நிமிர்ந்து பார்க்கிறேன். கண்ணாடியைத் தூக்கி ஹெல்மெற்றில் செருகியிருக்கிறான். வலது கண்மணி பெரிது. இடது சிறிது. வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது, இரண்டும் ஒன்றாகச் சுருங்கியிருக்கவேண்டும். கதிரைக்காரர் கெதியாக மடாம் கெதியாக என்கிறார், எல்லோரும் கெதியாக என்கிறார்கள். நான் கவட்டுக்குள் வைத்த சில்லை வெளியே இழுக்கிறேன். அதைப் பின்னால் பீற்றூட் தோட்டத்துக்குள் எறிகிறேன், பழையதையும் எறிகிறேன், அது கொஞ்சத் தூரம் உருண்டு போய்ச் சாய்கிறது. பின்சில்லு ஏற்கெனவே புல்லில் கிடக்கிறது. யோரிஸுக்கு விளங்க ஒரு கணம் எடுக்கிறது, பிறகு கத்துகிறான், பிளெமிஷில், அதில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளும் இருக்கின்றன, என் தோளைப் பிடித்துத் தள்ளுகிறான், நான் விழவில்லை, ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன், இறுக்கி, கல்லோடு சண்டை பிடிக்கிறவர்கள் பிடிப்பதுபோல. முடிஞ்சுது ராசா, இறங்கு, என்கிறேன். தமிழில்தான் வருகிறது. வேறொன்றும் வரவில்லை. அடுத்த கூட்டம் எங்களைத் தாண்டிப் போகிறது, அதற்கடுத்ததும், ஒருவன் திரும்பிப் பார்க்கிறான். கடைசியில் யோரிஸ் சைக்கிளை விட்டுவிட்டுப் புல்லில் இருக்கிறான், முகத்தைக் கையுறையால் மூடிக்கொண்டு. "என்ன செய்துவிட்டாய்," என்கிறான், இது பிரெஞ்சில், "சுகி, நீ என்ன செய்துவிட்டாய்." என் மேலங்கியைக் கழற்றிச் சுருட்டித் தலைக்குக் கீழே வைத்துப் படுக்கவைக்கிறேன், விடுகிறான். கதிரைக்காரர் ஓட்டத்தின் அம்புலன்ஸைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருக்கிறார், நான் ஒன்றும் சொல்லாமலே. பெர்நாருக்குப் போன் எடுக்கிறேன். வியாழக்கிழமையிலிருந்து சொல்கிறேன், முறை மாறி, முதலில் கண்மணி, பிறகு சத்தி, பிறகு ஹெல்மெற். காரின் இரைச்சலுக்குள்ளால் பெர்நார் கேட்கிறார். "மூன்று நாள் தெரிந்திருந்ததா உனக்கு?" ஆம். "காலையில் என் பக்கத்தில் வந்து நின்றாயே." ஆம். "தண்ணீர் என்றாய்." ஆம். இனி நீ வரவேண்டாம் என்கிறார், சத்தம் போடாமல், களைத்த குரலில், சத்தம் போட்டிருக்கலாம். அம்புலன்ஸில் யோரிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். நீங்கள் சொந்தமா என்று அதிலிருக்கிற பெண் கேட்கிறாள். இல்லை என்கிறேன். அப்படியென்றால் பின்னால் வாருங்கள் என்று கதவைச் சாத்துகிறாள்.

ஆஸ்பத்திரி நடையில் சுவரோடு நாலு கதிரை, ஒன்றில் நான். அம்புலன்ஸுக்குப் பின்னால் ஓட்டிவந்த போத்தல் வானை எங்கோ நிறுத்தினேன், எங்கே என்று பிறகு தேடவேண்டும். மேலங்கி அவனோடு போய்விட்டது, உள்ளே போட்டிருந்த நீலச் சட்டையோடு குளிர்கிறது. இங்கே துடைக்கிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே நீலம், ஒரு பெண் வாளியோடு போகும்போது எனக்குத் தலையசைத்துவிட்டுப் போனாள். டொக்டர் வெளியே வந்து யாரைத் தேடுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். உள்ளே மூளைக்கு மேலே கொஞ்சம் இரத்தம் கசிந்திருக்கிறது, பழையது, இன்று சைக்கிள் உலுக்கிய உலுக்கலில் இன்னும் கொஞ்சம். இன்றிரவு வெட்டத் தேவையில்லை, பார்த்துக்கொண்டிருப்போம், இந்த வருடம் ஓட்டம் இல்லை, அதற்குப் பிறகு தெரியாது. இன்னும் ஒரு மணித்தியாலம் அந்தக் கல்லில் ஓடியிருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார், அது ஆமா இல்லையா என்று பிடிபடவில்லை. வியாழக்கிழமையே கொண்டுவந்திருந்தால் என்று கேட்கவில்லை, அதற்குத் தலையசைக்கத் தேவையில்லை. உள்ளே போய்ப் பார்க்கலாமா? மடாம், அவருக்கு விருப்பமில்லையாம், நீங்கள் வேண்டாமாம், அம்மா மட்டும் போதுமாம் என்றார் டொக்டர். நல்லது என்றேன். நல்லது என்பதும் ஒன்றுமில்லை மாதிரி ஒரு சொல். ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. ஓட்டம் முடிந்திருக்கும், ஐந்து பேரில் யாரோ ஒருவன் வென்றிருப்பான், சஞ்சிகைக்கு இன்னொரு முகம் கிடைத்திருக்கும். எழும்பிப் போகலாம். எங்கே? எழும்பவில்லை. குறட்டை கேட்கிறதா என்று என் காது அந்த மூடிய கதவை நோக்கியே இருக்கிறது, இந்தத் தூரத்துக்குக் கேட்காது என்று அதற்குத் தெரியவில்லை.

மின்தூக்கி திறந்து ஒரு பெண் ஓடிவருகிறாள். பெரிய உடம்பு, அகன்ற முதுகு, யார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. முடிவுக்கோட்டில் மகனுக்காகக் காத்து நின்றிருக்கிறாள், கன்னத்தில் மஞ்சள் சாயம் பூசியிருக்கிறாள், அது அழுது வழிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் பார்க்கிறாள், என் நீலச் சட்டையைக் காண்கிறாள், என்னிடம் வருகிறாள். "மடாம், தயவுசெய்து, நீங்கள் இங்கேதானே வேலை. என் மகன். சைக்கிள்காரன். எந்த அறை?" நான் எழும்பி நிற்கிறேன். சொல்ல எவ்வளவோ இருக்கிறது. நான்தான் சுகி என்று சொன்னால் அவளுக்கு என்னைத் தெரியும், அவன் வீட்டில் என்னைப்பற்றிக் கதைத்திருப்பான், சோறு தருகிறவள் என்று. பிறகு மற்றதையும் சொல்லவேண்டும். நாளைக்குச் சொல்லவேண்டும், கட்டாயம், பெர்நார் சொல்வதற்கு முன். இப்போது அவள் கண் என் முகத்தில் இல்லை, கதவுகளில் இருக்கிறது. "இடதுபக்கம்," என்கிறேன், "கடைசிக் கதவு. முழித்துக்கொண்டுதான் இருக்கிறான்." நன்றி என்று என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு ஓடுகிறாள். கை சூடாக இருக்கிறது. கதவு திறக்கிறது, சாத்தப்படவில்லை. நான் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு யோரிஸின் குரல், கரகரத்து, அவன் மொழியில், அம்மா என்று. முதல் தரத்திலேயே ஆளைச் சரியாகச் சொல்லிவிட்டான்.